ஸ்டைல் ஷீட்டில் அலங்காரப் படங்கள்: மாவிலையும் குத்துவிளக்கும் எங்கே நிற்க வேண்டும்?

கம்ப்யூட்டர் வாங்கிய சில மாதங்களில் நம்மில் பலருக்கும் வருகிற ஆசை, நாமே ஒரு இணையப் பக்கம் தயாரித்துப் பார்க்க வேண்டும் என்பது. எனக்கும் வந்தது. 2016ல் அக்கா மகளுக்குத் திருமணம் நிச்சயமானபோது, அச்சடித்த பத்திரிகையுடன் ஒரு இணையப் பக்கமும் இருக்கட்டும் என்று நானே முன்வந்து வேலையை எடுத்துக்கொண்டேன். நோட்பேடில் எச்டிஎம்எல் எழுத ஓரளவு தெரியும். வேறென்ன வேண்டும்?

கல்யாணப் பத்திரிகை என்றால் அலங்காரம் வேண்டுமே. பக்கத்தின் மேலே மாவிலைத் தோரணம். ஒரு மாவிலைப் படத்தை எடுத்து, இமேஜ் டேக் போட்டு, அதையே காப்பி செய்து 24 முறை ஒட்டினேன். பத்திகளுக்கு நடுவே கோலக் கோடு. இடது பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் ஒரு குத்துவிளக்கு. "படத்திற்கு மாற்றுச் சொல் தர வேண்டும்" என்று எங்கோ படித்திருந்ததால், ஒவ்வொரு மாவிலைக்கும் ஆல்ட் என்ற இடத்தில் பொறுப்பாக "மாவிலை" என்று எழுதி வைத்தேன். என் மானிட்டரில் பார்க்க அருமையாக இருந்தது. உறவினர்கள் எல்லோருக்கும் முகவரியை அனுப்பினேன்.

அன்று மாலையே இரண்டு போன்கள் வந்தன.

முதல் போன் பெரிய மாமா. "மாப்ளே, முகூர்த்தம் ஏழரை மணிக்குன்னு போட்டிருக்கே. நல்ல காரியத்துக்கு யாராவது ஏழரையில ஆரம்பிப்பாங்களா? ஜோசியரை மாத்துங்கப்பா" என்றார். முகூர்த்தம் காலை 6.00 – 7.30. பக்கத்தில் அப்படித்தான் எழுதியிருந்தேன். ஆனால் மாமாவின் கம்ப்யூட்டரில் "காலை 6.00" என்பதன் மேல் குத்துவிளக்கு வந்து நின்றுவிட்டது. மிச்சம் தெரிந்தது 7.30 மட்டும். அவர் போன் செய்யாமல் இருந்திருந்தால், தாலி கட்டி முடிந்த பிறகு பந்தியில்தான் அவரைப் பார்த்திருப்போம்.

இரண்டாவது போன் சித்தப்பா. அவருக்குப் பார்வை இல்லை. ஓய்வு பெற்ற ஆசிரியர். திரையில் உள்ளதைப் படித்துச் சொல்லும் ஸ்கிரீன் ரீடர் மென்பொருளை வைத்து, மெயில், செய்தி எல்லாம் கேட்டுவிடுவார். (இவ்வகையில் என்விடிஏ என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. 2006ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கப்பட்டது.) "ஏண்டா, தோரணம் கட்டியிருக்கே, சந்தோஷம். அதுக்காக இருபத்தி நாலு இலையையும் நான் ஒவ்வொண்ணா எண்ணணுமா? கிராபிக் மாவிலை, கிராபிக் மாவிலைன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. பொண்ணு பேரு வர்றதுக்குள்ள காது வலிக்குது" என்றார்.

ஒரே பக்கத்தில் இரண்டு தவறுகள். இரண்டிற்கும் காரணம் ஒன்றுதான். அலங்காரத்திற்கான படங்களைச் செய்தியோடு கலந்து வைத்துவிட்டேன். அவற்றின் இடம் ஸ்டைல் ஷீட். அங்கே எப்படி வைப்பது, வைத்த படத்தை நாம் நினைத்த இடத்தில் எப்படி நிறுத்துவது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

எது அலங்காரம்?

ஒரு படத்தை எடுத்துவிட்டால், பக்கத்தைப் படிப்பவர் ஏதாவது தகவலை இழக்கிறாரா? இழக்கிறார் என்றால் அது செய்திப் படம். இல்லை என்றால் அலங்காரப் படம். மணமக்கள் போட்டோ செய்தி. மண்டபத்திற்கு வழி காட்டும் வரைபடம் செய்தி. மாவிலை, கோலம், விளக்கு, மூலையில் நிற்கும் மயில் எல்லாம் அலங்காரம். செய்திப் படத்தை எச்டிஎம்எல் பைலில் இமேஜ் டேக் மூலம் வைக்க வேண்டும். அலங்காரப் படத்தை ஸ்டைல் ஷீட்டில் பின்னணியாக வைக்க வேண்டும். பின்னணிப் படத்தை ஸ்கிரீன் ரீடர் படிக்காது. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2008ல் வெளியிட்ட அணுகல் நெறிமுறைகளின் 2.0 பதிப்பும், வெறும் அலங்காரத்திற்கான படங்களை இத்தகைய மென்பொருள்கள் கண்டுகொள்ளாமல் விடும்படி அமைக்கச் சொல்கிறது.

ஏதோ காரணத்தால் அலங்காரப் படத்தை இமேஜ் டேக்கிலேயே வைக்க வேண்டியிருந்தால், ஆல்ட் என்பதற்கு எதிரே இரண்டு மேற்கோள் குறிகளை மட்டும் போட்டு நடுவே எதுவும் எழுதாமல் விடுங்கள். ஆல்ட் பகுதியையே விட்டுவிடுவதும், அதைக் காலியாகத் தருவதும் ஒன்றல்ல. காலியாகத் தந்தால் "இது படிக்க வேண்டிய படம் அல்ல" என்று சொல்கிறோம்.

ஸ்டைல் ஷீட் என்பது பக்கத்தின் தோற்றத்தை மட்டும் சொல்லும் தனி பைல். எழுத்தின் நிறம், அளவு, இடைவெளி, பின்னணி எல்லாம் இதில் வரும். ஹோகன் வியும் லீ என்ற நார்வேக்காரர் 1994 அக்டோபரில் இந்த யோசனையை முன்வைத்தார். அவரும் பெர்ட் பாஸும் சேர்ந்து உருவாக்கிய முதல் பதிப்பு 1996 டிசம்பர் 17ல் தரமாக அறிவிக்கப்பட்டது. நாம் பார்க்கப் போகும் கட்டளைகளில் பல அந்த முதல் பதிப்பிலேயே இருந்தவை. ஆனாலும் அப்போது பிரவுசர்கள் இவற்றைச் சரியாகப் புரிந்துகொள்ளாததால், பக்கம் வடிவமைப்பவர்கள் டேபிள்களுக்குள் படங்களை அடைத்தும், ஒரு பிக்ஸல் அளவுள்ள கண்ணுக்குத் தெரியாத படங்களை நீட்டி இடைவெளி உண்டாக்கியும் சமாளித்து வந்தார்கள். அந்தக் காலப் பழக்கம் நம் ஊர்ப் பக்கங்களில் வெகுநாள் இருந்தது. என்னிடமும் இருந்தது!

2003ல் டேவ் ஷே என்ற கனடா நாட்டு வடிவமைப்பாளர் சிஎஸ்எஸ் ஜென் கார்டன் என்ற தளத்தைத் தொடங்கினார். அங்கே எச்டிஎம்எல் பைல் ஒன்றுதான். அதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றக் கூடாது. ஸ்டைல் ஷீட்டையும் படங்களையும் மட்டும் மாற்றிப் பலரும் பலவிதமாக வடிவமைத்து அனுப்பினார்கள். ஒன்றைப் போல் இன்னொன்று இராது. நேரம் கிடைக்கும்போது பாருங்கள்.

தோரணம் கட்டுவோம்

ஒரு சிறு குறிப்பு. கட்டளைச் சொற்களை இங்கே உச்சரிப்புப்படி தமிழில் தருகிறேன். நீங்கள் நோட்பேடில் டைப் செய்திடும்போது அவற்றை ஆங்கிலத்தில், சிறிய எழுத்துகளில் அமைக்க வேண்டும். நடுவில் வரும் சிறு கோடு, முக்காற்புள்ளி, அரைப்புள்ளி ஆகியவை இங்கே உள்ளபடியே வர வேண்டும். பிஎக்ஸ் என்று வருவது பிக்ஸலைக் குறிக்கும். எண்ணுக்கும் அதற்கும் நடுவே இடம் விடக் கூடாது.

எச்டிஎம்எல் பைலில் இருந்த 24 இமேஜ் டேக்குகளையும் நீக்கினேன். அந்த இடத்தில் தோரணம் என்ற கிளாஸ் பெயருடன் ஒரே ஒரு காலி டிவ் டேக். ஸ்டைல் ஷீட்டில் அதற்கு எழுதியது இவ்வளவுதான்:

.தோரணம் {
ஹைட்: 60பிஎக்ஸ்;
பேக்ரவுண்ட்-இமேஜ்: யுஆர்எல்(மாவிலை.பிஎன்ஜி);
பேக்ரவுண்ட்-ரிபீட்: ரிபீட்-எக்ஸ்;
}

முதல் வரி உயரம். இதை மறந்தால் படம் வராது. உள்ளே எழுத்து எதுவும் இல்லாத டிவ்வின் உயரம் பூஜ்யம். பூஜ்யம் உயரமுள்ள சுவரில் எந்தத் தோரணத்தைக் கட்டினாலும் தெரியாதல்லவா? புதியவர்கள் "படம் வரவில்லை" என்று தலையைப் பிய்த்துக்கொள்ளும் இடங்களில் இது ஒன்று.

இரண்டாவது வரி எந்தப் படம் என்பது. மூன்றாவது வரி அதை எப்படித் திரும்பத் திரும்ப வைப்பது என்பது. ரிபீட்-எக்ஸ் என்றால் படுக்கை வாட்டில் மட்டும். ரிபீட்-ஒய் என்றால் மேலிருந்து கீழாக. நோ-ரிபீட் என்றால் ஒரே ஒரு முறை. எதுவும் தராவிட்டால் பிரவுசர் பெட்டி முழுவதையும் படத்தால் தரை ஓடு பதித்தது போல் நிரப்பிவிடும். ஒரு விளக்கு வைக்கப் போய் நாற்பது விளக்கு வந்து நின்றால் காரணம் இதுதான்.

இப்போது ஒரு மாவிலைப் படம் மட்டுமே இறங்குகிறது. அகலமான மானிட்டரில் அதிக இலைகளும், சிறிய திரையில் குறைந்த இலைகளும் தாமாகவே வரும். ஒரு சின்னக் குறை மட்டும் இருக்கும். இலை 50 பிக்ஸல் அகலம், பெட்டி 780 பிக்ஸல் அகலம் என்றால் 15 இலைகள் முழுதாகவும், பதினாறாவது இலை பாதிக்குச் சற்று மேலாகவும் வந்து வெட்டுப்படும். பாதி இலை கண்ணை உறுத்தினால் மூன்றாவது வரியை இப்படி மாற்றுங்கள்:

பேக்ரவுண்ட்-ரிபீட்: ரவுண்ட் நோ-ரிபீட்;

இதில் முதல் சொல் படுக்கை வாட்டுக்கு, இரண்டாவது சொல் செங்குத்து வாட்டுக்கு. ரவுண்ட் என்று தந்தால் பிரவுசர் இலையின் அகலத்தை 48.75 பிக்ஸலாக லேசாகச் சுருக்கி 16 இலைகளையும் முழுதாக அடக்கிவிடும். ரவுண்ட் என்பதற்குப் பதில் ஸ்பேஸ் என்று தந்தால் இலையின் அளவை மாற்றாமல் 15 இலைகளை வைத்து, மிச்சமுள்ள 30 பிக்ஸலை இலைகளுக்கு நடுவே பங்கிட்டுவிடும். எனக்கு ரவுண்ட்தான் பிடித்தது. தோரணத்தில் இலைகள் நெருக்கமாக இருந்தால்தான் அழகு.

கோலக் கோட்டுக்கும் இதே வழிதான். அதைத் தலைப்பு டேக்கின் பின்னணியாகவே, கீழ் ஓரத்தில் வைத்துவிட்டேன். தனி டிவ்கூடத் தேவைப்படவில்லை.

குத்துவிளக்கு ஏன் நகர்ந்தது?

உண்மையில் விளக்கு நகரவே இல்லை. எழுத்துதான் நகர்ந்தது. இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு இரவு பிடித்தது.

என் மானிட்டரின் அகலம் 1366 பிக்ஸல். எழுத்துகள் இருந்த பெட்டியின் அகலம் 600. அதைப் பக்கத்தின் நடுவில் நிறுத்தியிருந்தேன். ஆக, இரண்டு பக்கமும் 383 பிக்ஸல் காலி. விளக்கின் அகலம் 120. அதைப் பொசிஷன்: அப்ஸல்யூட் என்ற கட்டளையால் திரையின் இடது ஓரத்திலிருந்து 40 பிக்ஸல் தள்ளி நிறுத்தினேன். 40லிருந்து 160 வரை விளக்கு. 383ல்தான் எழுத்து ஆரம்பம். நடுவே தாராளமாக இடம் இருந்தது.

மாமாவுக்குக் கண்புரை. அதனால் பிரவுசரில் எழுத்துகளை 175 சதவீதத்திற்குப் பெரிதாக்கி வைத்திருக்கிறார். அவரும் 1366 பிக்ஸல் திரைதான். ஆனால் இப்படிப் பெரிதாக்கும்போது பக்கத்திற்குக் கிடைக்கும் அகலம் ஏறக்குறைய 780 பிக்ஸலாகக் குறைந்துவிடுகிறது. 600 போக இரண்டு பக்கமும் மிச்சம் 90 பிக்ஸல்தான். விளக்கு பழையபடி 40லிருந்து 160 வரை. எழுத்து 90லேயே ஆரம்பித்துவிட்டது. 70 பிக்ஸலுக்கு விளக்கு எழுத்தின் மேல் ஏறி நின்றது. அந்த 70 பிக்ஸலில்தான் "காலை 6.00" இருந்தது.

அப்ஸல்யூட் என்று அமைத்த பொருள் மற்ற எழுத்துகளைப் பற்றிக் கவலைப்படாது. அதற்கென்று வரிசையில் இடமும் கிடையாது. சொன்ன இடத்தில் எழுத்துக்கு மேலாக நிற்கும். இசட்-இன்டெக்ஸ் என்ற கட்டளையில் கழித்தல் எண் தந்து எழுத்துக்குப் பின்னால் தள்ளலாம் என்று நண்பர் ஒருவர் சொன்னார். தள்ளினேன். இப்போது விளக்கின் மேல் எழுத்து ஏறி, இரண்டுமே சரியாகத் தெரியவில்லை. ஒரு பெட்டிக்குப் பின்னணி நிறம் தந்திருந்ததால் சில பக்கங்களில் விளக்கு அதற்குப் பின்னால் மறைந்தே போனது. மறைப்பதல்ல, விளக்குக்கென்று ஓர் இடம் ஒதுக்குவதுதான் சரியான வழி.

எனவே விளக்கை எழுத்துப் பெட்டியின் பின்னணியாக மாற்றினேன்:

.அழைப்பு {
மேக்ஸ்-விட்த்: 600பிஎக்ஸ்;
மின்-ஹைட்: 220பிஎக்ஸ்;
பேடிங்-லெஃப்ட்: 140பிஎக்ஸ்;
பேக்ரவுண்ட்-இமேஜ்: யுஆர்எல்(விளக்கு.பிஎன்ஜி);
பேக்ரவுண்ட்-ரிபீட்: நோ-ரிபீட்;
பேக்ரவுண்ட்-பொசிஷன்: லெஃப்ட் பாட்டம்;
}

இதில் உயிரான வரி மூன்றாவது. பேடிங் என்பது பெட்டியின் ஓரத்திற்கும் உள்ளே இருக்கும் எழுத்துக்கும் நடுவே விடும் இடம். பின்னணிப் படம் தனக்கென்று இடம் பிடிக்காது. நாம்தான் அதற்கு இடம் விட வேண்டும். 120 பிக்ஸல் விளக்குக்கு 140 பிக்ஸல் பேடிங் தந்தால், எழுத்து எவ்வளவு பெரிதானாலும், வரி எத்தனை மடிந்தாலும், அந்த 140க்குள் கால் வைக்காது. எழுத்தையும் விளக்கையும் ஒரே பெட்டி கட்டி வைத்திருப்பதால், பெட்டி நகர்ந்தால் இரண்டும் சேர்ந்தே நகரும். மின்-ஹைட் என்பது குறைந்தபட்ச உயரம். விளக்கின் உயரம் 220. அழைப்பில் இரண்டே வரி இருந்தாலும் விளக்கின் தலை வெட்டுப்படாமல் இருக்க இது வேண்டும்.

சதவீதக் கணக்கு

இப்போது பேக்ரவுண்ட்-பொசிஷன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம். பலரும் தடுமாறுகிற இடம் இது.

படத்தின் இடத்தை மூன்று விதமாகச் சொல்லலாம். லெஃப்ட், ரைட், டாப், பாட்டம், சென்டர் என்ற சொற்கள் ஒன்று. 20பிஎக்ஸ், 40பிஎக்ஸ் என்ற அளவுகள் ஒன்று. சதவீதம் ஒன்று. எண்களாகத் தரும்போது முதலில் வருவது இடமிருந்து எவ்வளவு, இரண்டாவது மேலிருந்து எவ்வளவு. ஒன்றை மட்டும் தந்தால் மற்றது நடுவில் என்று பிரவுசர் எடுத்துக்கொள்ளும்.

பிக்ஸல் கணக்கு எளிது. 20பிஎக்ஸ் என்றால் படத்தின் இடது ஓரம் பெட்டியின் இடது ஓரத்திலிருந்து 20 பிக்ஸல் தள்ளி நிற்கும். சதவீதமும் அப்படித்தான் என்று நான் நினைத்திருந்தேன். 800 பிக்ஸல் பெட்டியில் 50 சதவீதம் என்றால் படத்தின் இடது ஓரம் 400ல் வரும் என்று எதிர்பார்த்தேன். வரவில்லை. 340ல் வந்தது. பிரவுசரில் ஏதோ கோளாறு என்று திட்டிக்கொண்டு, 42.5 என்றெல்லாம் எண்களை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறேன்.

கோளாறு ஒன்றும் இல்லை. 50 சதவீதம் என்றால், படத்தின் அகலத்தில் 50 சதவீதத்தில் இருக்கும் புள்ளியை, பெட்டியின் அகலத்தில் 50 சதவீதத்தில் இருக்கும் புள்ளியின் மேல் வை என்று பொருள். அதாவது நடுவும் நடுவும் பொருந்தும். பூஜை அலமாரித் தட்டின் நடுவில் விளக்கை வைக்கச் சொன்னால் விளக்கின் தண்டு தட்டின் நடுவில் வரும்படிதானே வைப்போம்? விளக்கின் இடது விளிம்பை யாரும் தட்டின் நடுவில் வைக்க மாட்டார்கள். அதே கணக்கு. 100 சதவீதம் என்றால் படத்தின் வலது விளிம்பு பெட்டியின் வலது விளிம்பைத் தொடும். வெளியே போகாது.

கணக்காகச் சொன்னால், பெட்டியின் அகலத்திலிருந்து படத்தின் அகலத்தைக் கழியுங்கள். மிச்சத்தில் அத்தனை சதவீதம் எடுங்கள். அதுதான் இடது பக்கம் விடப்படும் இடம். 800லிருந்து 120 போக 680. அதில் 50 சதவீதம் 340. அதில் 25 சதவீதம் 170. நூறு சதவீதம் 680.

இந்தக் கணக்கு பிடிபட்டால் இரண்டு புதிர்கள் தாமாகவே அவிழும். ஒன்று, படமும் பெட்டியும் ஒரே அகலமாக இருந்தால் கழித்து வருவது பூஜ்யம். பூஜ்யத்தில் 10 சதவீதமும் பூஜ்யம், 90 சதவீதமும் பூஜ்யம். "சதவீதத்தை எப்படி மாற்றினாலும் படம் அசையவே இல்லை" என்று சொல்பவர்கள் இதைச் சரிபார்க்கவும். இன்னொன்று, படம் பெட்டியைவிடப் பெரிதாக இருக்கும்போது. 300 பிக்ஸல் பெட்டியில் 400 பிக்ஸல் படம். கழித்தால் மைனஸ் 100. அதில் 50 சதவீதம் மைனஸ் 50. படம் இடப் பக்கம் 50 பிக்ஸல் வெளியே போய் வெட்டுப்படும். வலப் பக்கமும் 50 வெட்டுப்படும். நடுப்பகுதி தெரியும். பக்கத்தின் தலையில் பெரிய கோபுரப் படத்தை வைத்து, திரை சிறிதாகும்போதும் கோபுரம் மட்டும் தப்பாமல் தெரிய வேண்டும் என்றால் இது கை கொடுக்கும்.

சதவீதத்தில் சொல்வதன் லாபம் இப்போது புரிந்திருக்கும். வலப் பக்க மூலையில் மயில் வேண்டும் என்று 680பிஎக்ஸ் என எழுதினால் என் பெட்டியில் மட்டும்தான் அது மூலை. 360 பிக்ஸல் மொபைல் திரையில் மயில் வெளியே போய்விடும். 100 சதவீதம் என்று எழுதினால் எந்தத் திரையிலும் மூலை மூலைதான்.

ஓரத்தை ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நிற்க வேண்டும் என்றால்? முன்பெல்லாம் படத்திலேயே வலப் பக்கம் வெற்றிடம் விட்டு சேவ் செய்வார்கள். இப்போது நேரடியாகவே சொல்லலாம்:

பேக்ரவுண்ட்-பொசிஷன்: ரைட் 20பிஎக்ஸ் பாட்டம் 10பிஎக்ஸ்;

வலது ஓரத்திலிருந்து 20, கீழ் ஓரத்திலிருந்து 10. இந்த நான்கு சொல் முறையை இன்றைய பிரவுசர்கள் எல்லாம் ஏற்றுக்கொள்கின்றன.

இந்த அளவுகள் எல்லாம் பெட்டியின் பார்டர் கோட்டுக்கு உட்புறத்திலிருந்து கணக்கிடப்படுகின்றன. பேடிங் இடமும் இதில் சேர்த்தி. அதனால்தான் நாம் ஒதுக்கிய 140 பிக்ஸலுக்குள் விளக்கு போய் நிற்க முடிகிறது.

ஒரே பெட்டியில் விளக்கும் மயிலும் வேண்டும் என்றால் கமா போட்டு இரண்டு படங்களைத் தரலாம். இமேஜ் வரியில் இரண்டு படம், பொசிஷன் வரியில் அதே வரிசையில் இரண்டு இடம். ஒன்றன் மேல் ஒன்று வந்தால் முதலில் எழுதியது மேலே இருக்கும். ஆனால் அளவோடு வைத்துக்கொள்ளுங்கள். நான் நான்கு மூலைக்கும் நான்கு படம் வைத்துப் பார்த்தேன். தீப்பெட்டி லேபிள் மாதிரி இருந்தது.

மொபைலில் வேறு ஏற்பாடு

360 பிக்ஸல் திரையில் 140ஐ விளக்குக்குக் கொடுத்தால் எழுத்துக்கு மிஞ்சுவது சந்துதான். ஸ்டைல் ஷீட்டின் கடைசியில், திரை 500 பிக்ஸலுக்குக் குறைவாக இருந்தால் மட்டும் செயல்படும் பகுதி ஒன்றைச் சேர்த்தேன்:

@மீடியா (மேக்ஸ்-விட்த்: 500பிஎக்ஸ்) {
.அழைப்பு {
பேடிங்-லெஃப்ட்: 10பிஎக்ஸ்;
பேடிங்-டாப்: 230பிஎக்ஸ்;
பேக்ரவுண்ட்-பொசிஷன்: சென்டர் டாப்;
}
}

சிறிய திரையில் விளக்கு மேலே நடுவில் வரும், எழுத்து அதற்குக் கீழே வரும். எச்டிஎம்எல் பைலில் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. இது வேலை செய்ய, அந்தப் பைலின் தலைப் பகுதியில் வியூபோர்ட் மெட்டா டேக் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மொபைல் பிரவுசர் தன்னைப் பெரிய திரை என்று நினைத்துக்கொண்டு முழுப் பக்கத்தையும் சுருக்கிக் காட்டும்.

படம் வரவே இல்லையா?

உயரம் பூஜ்யம் என்பதை மேலே சொன்னேன். அடுத்தது படம் இருக்கும் போல்டர். ஸ்டைல் ஷீட்டைத் தனி பைலாக ஒரு போல்டரில் வைத்தால், யுஆர்எல்லில் தரும் வழி அந்த ஸ்டைல் ஷீட் இருக்கும் இடத்திலிருந்து கணக்கிடப்படும். எச்டிஎம்எல் பைல் இருக்கும் இடத்திலிருந்து அல்ல. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் ஒரே போல்டரில் வைத்துக்கொள்வது நல்லது.

உங்கள் கம்ப்யூட்டரில் வந்து, இணையத்தில் ஏற்றியபின் வராமல் போனால் பைலின் பெயரைப் பாருங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு பார்ப்பதில்லை. பெரும்பாலான இணைய சர்வர்களில் இயங்கும் லினக்ஸ் பார்க்கும். டிஜிட்டல் கேமராக்கள் பல, பைல் பெயரின் கடைசிப் பகுதியைப் பெரிய எழுத்துகளில் தருகின்றன. எல்லாப் பெயர்களையும் சிறிய எழுத்தாக, நடுவில் இடம் விடாமல் மாற்றிவிடுங்கள்.

படத்தின் அளவும் முக்கியம். 3000 பிக்ஸல் போட்டோவைப் பேக்ரவுண்ட்-சைஸ் கட்டளையால் 120 பிக்ஸலாகச் சுருக்கிக் காட்டலாம்தான். ஆனால் பார்ப்பவரின் இணைப்பில் இறங்குவது முழுப் படம். பெயின்ட் புரோகிராமில் ரீசைஸ் கிளிக் செய்து சுருக்கி, தனிப் பெயரில் சேவ் செய்துகொள்ளுங்கள்.

உற்சாகத்தில் செய்த தவறு

விளக்கும் தோரணமும் சரியானதும் எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. பக்கத்தில் இருந்த எல்லாப் படங்களையும் ஸ்டைல் ஷீட்டுக்கு மாற்றினேன். மண்டபத்திற்கு வழி காட்டும் வரைபடத்தையும் சேர்த்து. மேலே எது அலங்காரம் என்று அவ்வளவு விளக்கினேனே, அதெல்லாம் இந்தத் தவறுக்குப் பிறகு கற்றதுதான்.

திருமணத்திற்கு இரண்டு நாள் முன்பு மாப்பிள்ளை வீட்டிலிருந்து போன். வேன் டிரைவர்களுக்குக் கொடுப்பதற்காகப் பக்கத்தை பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். வரைபடம் இருக்க வேண்டிய இடத்தில் வெள்ளைத் தாள். காரணம், பிரவுசர்கள் பொதுவாக மையை மிச்சம் செய்யப் பின்னணிப் படங்களை அச்சிடுவதில்லை. குரோமில் பிரிண்ட் விண்டோவில் கூடுதல் அமைப்புகளைத் திறந்து, பேக்ரவுண்ட் கிராபிக்ஸ் என்ற இடத்தில் டிக் செய்தால்தான் அவை வரும். இதையெல்லாம் டிரைவர்களுக்காக பிரிண்ட் எடுப்பவர் தேடிக்கொண்டிருப்பாரா?

அன்றே வரைபடத்தை இமேஜ் டேக்குக்குத் திருப்பினேன். ஆல்ட் பகுதியில் "வரைபடம்" என்று ஒற்றைச் சொல் எழுதாமல், பஸ் நிலையத்தில் இறங்கி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எத்தனையாவது தெரு என்பதை ஒரு வாக்கியமாக எழுதினேன். சித்தப்பா அதைக் கேட்டுவிட்டு, ஆட்டோக்காரருக்கு அவரே வழி சொல்லி வந்து சேர்ந்தார். மாமா ஐந்தரைக்கே மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்.

பக்கத்தை எல்லோருக்கும் அனுப்பும் முன் நான் இப்போது செய்யும் சோதனைகள் சில. கன்ட்ரோல் கீயை அழுத்திக்கொண்டு ப்ளஸ் கீயைத் தட்டி 200 சதவீதம் வரை பெரிதாக்கிப் படிக்கிறேன். கன்ட்ரோலுடன் பூஜ்யம் தட்டினால் பழைய அளவு வந்துவிடும். பிரவுசர் விண்டோவின் ஓரத்தை மவுஸால் பிடித்து இழுத்து எவ்வளவு குறுக்க முடியுமோ அவ்வளவு குறுக்கிப் பார்க்கிறேன். பிரிண்ட் கொடுக்காமல், முன்தோற்றம் மட்டும் பார்க்கிறேன். கடைசியாக, படங்கள் இருக்கும் போல்டரின் பெயரைத் தற்காலிகமாக மாற்றிவிட்டுப் பக்கத்தை ரீலோட் செய்கிறேன். படம் ஒன்றுகூட வராது. அந்த நிலையில் மேலிருந்து கீழ்வரை படித்து, பெயர், நாள், நேரம், இடம் நான்கும் கிடைக்கின்றனவா என்று பார்க்க வேண்டும்.

சோதனை முடிந்ததும் போல்டரின் பெயரைப் பழையபடி மாற்ற மறக்காதீர்கள். நான் ஒருமுறை மறந்துவிட்டு, படம் ஏன் வரவில்லை என்று ஸ்டைல் ஷீட்டை அரை மணி நேரம் வரி வரியாகத் தேடிக்கொண்டிருந்தேன்.